கையொப்பமிட்ட தெய்வ ஓவிய அச்சு: வாங்குமுன் அறிய வேண்டியவை

வைப்புத்தொகை, தங்கம், நிலம், காப்பீடு என்று சேமிப்பின் பழகிய வடிவங்களை நாம் நன்கு அறிவோம். இப்பட்டியலில் சேராத ஒரு பொருள் அண்மை ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் பெற்ற ஓவியர் ஒருவரின் விநாயகரோ கிருஷ்ணரோ இயேசுவோ அச்சிடப்பட்ட கனத்த தாள். அதன் கீழ் ஓரத்தில் ஓவியரின் பென்சில் கையொப்பம். அருகே 47/100 என்பது போன்ற ஓர் எண். புதுமனை புகுவிழாவிற்கும் மணிவிழாவிற்கும் இது பரிசாகவும் வழங்கப்படுகிறது.

இத்தகைய அச்சின் விலை சில ஆயிரங்களில் தொடங்கிச் சில இலட்சங்கள் வரை செல்கிறது. அவ்வளவு தொகையைக் கொடுக்கும்போது நாம் பெறுவது என்ன? அந்த எண் எதைக் குறிக்கிறது? அந்தக் கையொப்பம் எதை உறுதி செய்கிறது? தெய்வ உருவம் என்பதால் நம் மனம் எளிதில் இளகிவிடுகிறது. ஆகவே, வாங்குவதற்கு முன் அறிவும் சற்றே விழித்திருத்தல் நலம். இக்கட்டுரையில் இவற்றை ஒவ்வொன்றாகப் பயில்வோம்.

காலண்டர் படமும் கலை அச்சும்

அச்சில் வந்த தெய்வ உருவம் இந்தியாவுக்குப் புதிதன்று. ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் தம் அச்சகத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது லோனாவ்லா அருகேயுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து வெளிவந்த இலட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் வீட்டுச் சுவர்களை அடைந்தனர். கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத மக்களின் வீட்டிற்கும் அந்தத் தாள்களின் வழியே தெய்வ உருவம் சென்றது. இன்றைய காலண்டர் படங்கள் அந்த மரபின் வழித்தோன்றல்களே.

அந்த அச்சுகளின் நோக்கம் பரவல். எத்தனை படிகள் வேண்டுமோ அத்தனையும் அடிக்கப்பட்டன. அவற்றில் எண் இல்லை. தாள்தோறும் ஓவியர் தம் கையால் ஒப்பமிடவும் இல்லை. படத்திற்குள்ளேயே அச்சான பெயர் மட்டும் சிலவற்றில் உண்டு.

வரையறுக்கப்பட்ட பதிப்பின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. இத்தனை படிகளுக்கு மேல் அடிப்பதில்லை என்று ஓவியரும் பதிப்பாளரும் முன்கூட்டியே உறுதி கூறுகின்றனர். அடித்து முடித்தபின் தட்டையோ திரையையோ மீண்டும் பயன்படுத்த இயலாதவாறு கீறிவிடுவதும் அழித்துவிடுவதும் வழக்கம். வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பது இந்த உறுதிமொழிக்காகவே. உறுதிமொழி உண்மையா என்பதே வாங்குபவர் முதலில் எழுப்ப வேண்டிய வினா.

அச்சு உருவாகும் விதம்

எல்லா அச்சும் ஒரே வகையைச் சேர்ந்ததன்று. மரத்திலோ லினோலியத்திலோ செதுக்கி, மேடான பகுதியில் மை தடவி எடுப்பது ஒரு முறை. செப்பு அல்லது துத்தநாகத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்து, பள்ளத்தில் தங்கிய மையைத் தாளில் பதிப்பது எட்சிங். எண்ணெயும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு கல்லின் மீது வரைந்து எடுப்பது கல்லச்சு. திரைத்துணியின் வழியே ஒவ்வொரு வண்ணமாக மையை இழுத்துப் பதிப்பது செரிகிராஃப். இன்று இந்தியச் சந்தையில் நாம் மிகுதியாகக் காணும் தெய்வ ஓவிய அச்சுகள் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. இருபது வண்ணங்கள் இருப்பின் இருபது திரைகள் தேவைப்படலாம். ஒவ்வொரு தாளும் அத்தனை முறையும் பிசகின்றி ஒரே இடத்தில் பொருந்தியாக வேண்டும். இதில் உழைப்பு மிகுதி.

இவற்றுக்கு அப்பால், ஓவியத்தை ஒளிப்படமாக எடுத்துக் கணினி அச்சுப்பொறியில் நல்ல தாளிலோ கேன்வாஸிலோ அடிப்பது உண்டு. இதற்கு ஜிக்ளே என்னும் பிரெஞ்சுப் பெயர் வழங்குகிறது. தரமான நிறமியும் தாளும் பயன்படுத்தினால் இது நெடுங்காலம் நிற்கும். ஆயினும் இதில் ஓவியர் தகட்டையோ திரையையோ தொடுவதில்லை; ஏற்கெனவே உள்ள ஓவியத்தின் மறுபடிவமே இது.

சுங்க வரி அட்டவணையின் 97-ஆம் அத்தியாயம் இந்த வேறுபாட்டை மிகக் கறாராகச் சொல்கிறது. ஓவியர் தம் கையாலேயே முழுவதும் உருவாக்கிய ஒன்று அல்லது பல தகடுகளிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட பதிவே அதன்படி மூல அச்சு. இயந்திர முறையிலோ ஒளிப்பட இயந்திர முறையிலோ எடுத்தவை அந்த வகுப்பில் சேரா. ஒரே ஓவியரின் ஒரே விநாயகர் இரு கடைகளில் இருவேறு விலைக்குக் கிடைப்பதன் காரணம் பல சமயம் இதுதான்.

பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் நாமே ஓரளவு சோதிக்கலாம். சாதாரண ஆஃப்செட் அச்சில் நான்கு வண்ணப் புள்ளிகள் பூவிதழ் போன்ற ஒழுங்கில் அமைந்திருக்கும். கணினி அச்சில் நுண்ணிய துளிகள் தூவியது போல் தெரியும். கையால் எடுத்த செரிகிராஃபில் புள்ளிகளுக்குப் பதிலாக ஒரே சீரான மைப்படலம் இருக்கும். ஒரு வண்ணத்தின் மீது மற்றொன்று ஏறும் விளிம்பில் சிறு மேடும் தென்படும். எட்சிங் அச்சில் படத்தைச் சுற்றித் தகட்டின் அழுத்தத் தடம் இருக்கும். விரலைத் தாளின் மீது வைக்காமல், சாய்ந்த ஒளியில் பார்த்தாலே அது புலப்படும்.

ஓரத்தில் உள்ள எழுத்துகளைப் படிப்பது எப்படி?

படத்திற்குக் கீழே வெள்ளை ஓரத்தில் இடப்புறம் எண்ணும், நடுவில் தலைப்பும், வலப்புறம் கையொப்பமும் ஆண்டும் இருப்பது பொது வழக்கம். இவை பென்சிலால் எழுதப்படுவதற்குக் காரணம் உண்டு. பென்சிலின் கரி ஒளியில் மங்காது. அது தாளில் சிறு அழுத்தத்தை விட்டுச்செல்லும். அச்சிட்ட போலிக் கையொப்பத்தில் அந்த அழுத்தம் இராது.

47/100 என்றால் நூறு படிகளில் நாற்பத்தேழாவது என்று பொருள். முதல் எண்ணுடைய படியே சிறந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. செரிகிராஃபிற்கு இது பொருந்தாது; நூறாவது படியும் முதலாவதைப் போன்றதே. தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறி எடுக்கும் டிரைபாயிண்ட் முறையில் மட்டும், கீறலின் விளிம்பு விரைவில் தேய்வதால், முதலில் எடுத்த படிகள் செறிவாக இருக்கும். அங்கும் எண்ணிட்ட வரிசை எடுத்த வரிசையாகவே இருக்கும் என்ற உறுதியில்லை.

எண்ணுக்குப் பதிலாக 'ஏ.பி.' என்று இருந்தால் அது ஓவியர் தமக்கென வைத்துக்கொண்ட படி. இவை பதிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான மரபு. 'பி.பி.' என்பது அச்சாளருக்கு உரியது. 'ஹெச்.சி.' என்பது விற்பனைக்கு அல்லாத படி. சில பதிப்புகளில் ரோமன் எண்கள் இட்ட தனி வரிசையும் உண்டு.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நூறு எண்ணிட்ட படிகள், பத்து ஓவியர் படிகள், ஐந்து அச்சாளர் படிகள், ரோமன் எண்ணில் இருபத்தைந்து படிகள் என்று வைத்துக்கொண்டால், உலவுவன மொத்தம் 140. ஓரத்தில் நாம் காண்பதோ நூறு மட்டுமே. ஆகவே, "இந்த உருவத்தில் எல்லா வகைகளும் சேர்த்து மொத்தம் எத்தனை படிகள் அடிக்கப்பட்டன?" என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

கையொப்பம் எதை உறுதி செய்கிறது?

ஓவியர் குறியின் மதிப்பும் அதைத் திருடும் வழக்கமும் ஒரே காலத்தில் பிறந்தவை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1498-இல் விவிலியத்தின் இறுதி நூலுக்கு மரச்செதுக்குப் படங்கள் வெளியிட்டுப் புகழ் பெற்றார். அவர் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிய குறியைத் தம் அச்சுகளில் பொறித்தார். அவருடைய கன்னி மரியாள் வரிசையை இத்தாலியரான மார்கான்டோனியோ ரைமோண்டி அந்தக் குறியோடு சேர்த்தே நகலெடுத்தார். டியூரர் வெனிஸ் ஆட்சியாளரிடம் முறையிட்டதாகவும், அவருடைய குறியை இனி இடக் கூடாது என்ற ஆணை மட்டுமே கிடைத்ததாகவும் வசாரி எழுதிவைத்திருக்கிறார்.

ஒவ்வொரு படியிலும் பென்சிலால் ஒப்பமிடும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. அதற்கும் சோதனை வந்தது. 1974-இல் பிரெஞ்சுச் சுங்கத்துறையினர் மடக்கிய ஒரு வண்டியில், சால்வடார் டாலி ஒப்பமிட்ட சுமார் 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. படம் அச்சாவதற்கு முன்பே கையொப்பம் தயார்! அதன்பின் எந்தத் தாளில் எந்தப் படம் ஏறியது என்பதை எவரால் சொல்ல முடியும்? கையொப்பம் உண்மையானது என்பதாலேயே அச்சும் உண்மையானது ஆகிவிடாது என்ற பாடத்தைக் கலைச்சந்தை இதிலிருந்து கற்றது.

இந்தியச் சூழலில் நாம் எளிதில் செய்யக்கூடிய ஒரு சோதனை ஆண்டுகளை ஒப்பிடுவதாகும். எம்.எஃப். ஹுசைன் 2011-இல் மறைந்தார். முகம் வரையாமல் நீலக்கரை வெள்ளைப் புடவையால் மட்டுமே அன்னை தெரசாவை உணர்த்திய அவருடைய ஓவியங்கள் புகழ்பெற்றவை. அவற்றின் செரிகிராஃப் அச்சுகளும் சந்தையில் உண்டு. பிந்து என்னும் புள்ளியைத் தியானப் பொருளாக வரைந்த எஸ்.எச். ரஸா 2016-இல் மறைந்தார். இந்த ஆண்டுகளுக்குப் பின் அச்சிடப்பட்ட தாளில் அவர்களின் பென்சில் கையொப்பம் இருக்க வழியில்லை. குடும்பத்தாரோ அறக்கட்டளையோ வெளியிடும் பிற்காலப் பதிப்புகள் இருக்கலாம். அவை முறையானவையே எனினும், ஓவியர் கண்டு ஒப்பமிட்ட படியின் விலைக்கு அவை உரியன அல்ல.

ரவிவர்மாவின் தெய்வ உருவங்களையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். அவர் மறைந்தது 1906-இல். ஓவியர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய படைப்பின் பதிப்புரிமை இந்தியாவில் முடிவுறுவதால், இன்று எவரும் அவருடைய இலட்சுமியை அச்சிடலாம். அதற்கு "வரையறுக்கப்பட்ட பதிப்பு" என்று பெயரும் சூட்டலாம். அந்த வரம்பு இன்றைய அச்சகம் தனக்குத் தானே விதித்துக்கொண்டது. அடுத்த தெருவிலுள்ள அச்சகத்தை அது கட்டுப்படுத்தாது.

தங்கத்திற்கு முத்திரையும் ஆறிலக்கத் தனி அடையாளக் குறியீடும் உண்டு. ஓவிய அச்சுக்கு அத்தகைய பொது முத்திரை ஏதுமில்லை. உண்மைச் சான்றிதழ் என்று தரப்படும் தாளின் மதிப்பு, அதை எழுதியவரின் நம்பகத்தன்மைக்கு மேற்பட்டதன்று. அச்சின் தலைப்பு, அளவு, தாள், முறை, ஆண்டு, மொத்தப் படிகள், அச்சகம், பதிப்பாளர் ஆகிய யாவும் அதில் இருக்க வேண்டும். "இது அசல்" என்ற ஒற்றை வரி போதாது.

விலையும் வருமானமும்

"சில ஆண்டுகளில் இரட்டிப்பாகும்" என்ற சொல் விற்பனைக் கூடங்களில் அடிக்கடி ஒலிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டை வைத்து இதைச் சீர்தூக்குவோம். ரூ. 60,000 கொடுத்து ஓர் அச்சை வாங்கி, ரூ. 7,000 செலவில் சட்டகம் இடுகிறோம். மொத்தச் செலவு ரூ. 67,000. எட்டு ஆண்டுகள் கழித்து அது ரூ. 90,000-க்கு விலைபோகிறது. விற்றுத் தருபவரின் கழிவு 15 விழுக்காடு எனில் ரூ. 13,500 போக, கைக்கு வருவது ரூ. 76,500. ஆதாயம் ரூ. 9,500. கூட்டு வட்டிக் கணக்கில் இது ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்கும் குறைவு. விலை ஒன்றரை மடங்கு ஆகியும் நிலை இதுவே.

மேலும், வைப்புத்தொகையை நினைத்த நாளில் முறிக்கலாம். நகையை அடகு வைக்கலாம். ஓவிய அச்சுக்கு வாங்குபவர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். மருத்துவச் செலவுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ ஒதுக்கிய பணத்தை இதில் இடுவது தகாது. நாள்தோறும் பார்த்து மகிழ்வதற்காக வாங்குவோர் வாங்கிய நாளிலிருந்தே பயனடைகின்றனர். இலாபத்திற்காக மட்டும் வாங்குவோர் ஏமாற்றத்திற்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

சட்டமும் வரியும்

அச்சை வாங்கினால் அந்தத் தாள் நமக்குச் சொந்தம், பதிப்புரிமை சொந்தமாகாது. வாழும் ஓவியரின் விநாயகரை நம் இல்ல அழைப்பிதழிலோ கடையின் விளம்பரத்திலோ அச்சிட அவருடைய அனுமதி தேவை.

வருமான வரியில் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. வீட்டு நாற்காலி, ஆடை போன்ற சொந்தப் பயன்பாட்டுப் பொருள்களை விற்றால் மூலதன ஆதாய வரி எழுவதில்லை. நகைக்கும் ஓவியம், சிற்பம் உள்ளிட்ட கலைப்படைப்புகளுக்கும் இச்சலுகை இல்லை. ஆகவே, விற்பனை ஆதாயத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். வாங்கிய ரசீது அப்போது கட்டாயம் தேவைப்படும்.

பரிசாகப் பெறும்போதும் கவனம் வேண்டும். உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓராண்டில் பெறும் இவ்வகைப் பொருள்களின் சந்தை மதிப்பு மொத்தம் ரூ. 50,000-ஐத் தாண்டினால் அது வருமானமாகக் கருதப்படும். திருமணத்தின்போது மணமக்கள் பெறும் பரிசுக்கு விலக்கு உண்டு. புதுமனை புகுவிழாவிற்கு அவ்விலக்கு இல்லை. மேலும், ஒரே பரிவர்த்தனைக்கு ரூ. 2 இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடுக்கிறது. காசோலையிலோ வங்கிப் பரிமாற்றத்திலோ செலுத்தினால், அது பின்னாளில் உடைமைக்கும் சான்றாக நிற்கும். ஒவ்வொருவரின் நிலையும் வேறுபடுவதால் தணிக்கையாளரைக் கலந்துகொள்வது நன்று.

வீட்டுக் காப்பீடு எடுத்திருப்போர், கலைப்பொருள் அதில் தனியே குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். மதிப்பீட்டோடு பட்டியலில் சேர்க்காத கலைப்பொருளுக்கு இழப்பீடு பெறுவது கடினம்.

பூஜை அறையா, கூடமா?

தெய்வ உருவத்தை வாங்கியதும் பூஜை அறையில் வைக்கவே மனம் விழைகிறது. தாளுக்கு அதைவிடக் கடுமையான இடம் வேறில்லை. விளக்கின் எண்ணெய்ப் புகை, கற்பூரக் கரி, ஈர மாலை, சந்தனம், குங்குமம் ஆகிய யாவும் சட்டகத்தின் இடுக்கு வழியே தாளை அடைகின்றன. சில ஆண்டுகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும், பூஞ்சை பிடிக்கும். வழிபாட்டிற்குக் காலண்டர் படமோ உலோகப் படிமமோ இருக்கட்டும்; கையொப்பமிட்ட அச்சு கூடத்தில், நேர் வெயில் படாத உட்சுவரில் இருக்கட்டும். மழையில் ஊறும் வெளிச்சுவரும் அதற்கு ஏற்றதன்று.

சட்டகம் இடுபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உண்டு. எண்ணும் கையொப்பமும் உள்ள ஓரத்தை ஒருபோதும் வெட்டக் கூடாது. தாளை அட்டையில் பசையிட்டு ஒட்டக் கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது. அமிலமற்ற அட்டையைப் பயன்படுத்தி, கண்ணாடி தாளைத் தொடாதவாறு இடைவெளி விட வேண்டும். ஓரத்தை வெட்டிய அச்சை எந்தக் கலைக்கூடமும் முழு விலைக்கு எடுத்துக்கொள்ளாது. சில நூறு ரூபாயைச் சட்டகத்தில் மிச்சப்படுத்தப் போய்ப் பல ஆயிரங்களை இழப்பது இவ்விடத்தில்தான்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இது எந்த முறையில் அச்சிடப்பட்டது? தகட்டையோ திரையையோ உருவாக்கியவர் யார்?
2. எல்லா வகைப் படிகளும் சேர்த்து மொத்தம் எத்தனை?
3. எந்த ஆண்டில், எந்த அச்சகத்தில், எந்தப் பதிப்பாளரால் வெளியிடப்பட்டது? அந்த ஆண்டில் ஓவியர் வாழ்ந்துகொண்டிருந்தாரா?
4. கையொப்பம் பென்சிலால் இடப்பட்டதா, அச்சோடு சேர்ந்து வந்ததா?
5. முதல் விற்பனையிலிருந்து இன்றுவரை யார் யாரிடம் இருந்தது? ரசீதுகள் உண்டா?
6. சட்டகத்திலிருந்து வெளியே எடுத்து, முழுத் தாளையும் பின்புறத்தையும் பார்க்க அனுமதிப்பார்களா?
7. போலி என்று பின்னர் தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் உறுதி தருவார்களா?

இவற்றிற்குப் பொறுமையுடன் விடை கூறும் விற்பனையாளரிடம் வாங்கலாம். "சாமி படத்திற்கு இவ்வளவு கேள்வியா?" என்று நகைப்பவரிடமிருந்து விலகுவதே நன்று. பக்திக்குரியது உருவம், பணத்திற்குரியது தாள். தாளைப் பற்றிக் கேள்வி எழுப்புவதால் உருவத்தின் மீதுள்ள பக்தி குறைந்துவிடாது.

வாங்கியபின் ரசீது, சான்றிதழ், தாளின் முன்பின் ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைப்போம். வீட்டில் இன்னொருவரிடமும் அதைப் பற்றிச் சொல்லி வைப்போம். நாளை நம் பிள்ளைகள் சுவரிலிருந்து அதை இறக்கும்போது, தாம் கையில் ஏந்தியிருப்பது இன்னதென்று அந்த உறையைத் திறந்து அறிந்துகொள்வர்.